குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்? – கேள்வி பதில்

குட்டி நாய் வீட்டுக்கு வந்த புதிதில் கேள்வியெல்லாம் ஊசி, சாப்பாடு, மூத்திரம் என்றே இருக்கும். கொஞ்ச நாளில் அது “எங்கே கூட்டிப் போகலாம்” என்று திரும்பிவிடும். அப்படி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் நாய் பழக்குபவள், கால்நடை மருத்துவர் அல்ல. மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, எங்க லேப் குட்டிக்கு ரெண்டு மாசம். ஒரு ஊசிதான் போட்டிருக்கு. நாலு மாசம் வரைக்கும் வெளியே விடவே கூடாதுன்னு டாக்டர் சொல்றார். இப்பவே வெளியே காட்டலைன்னா பயந்தாங்கொள்ளி ஆயிடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?

ரெண்டு பேர் பேச்சையும். டாக்டர் பயப்படுவது பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு. நோய் வந்த நாயின் மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்கெல்லாம் சாகாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அண்ணன் சொல்வதும் உண்மை. சுமார் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை பார்த்ததையும் கேட்டதையும்தான் குட்டி “இதெல்லாம் சகஜம்” என்று எடுத்துக்கொள்ளும். அந்த வயதில் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், அப்புறம் குப்பை வண்டி வந்தாலும் கட்டிலுக்கு அடியில் ஓடும்.

வழி சுலபம்: தரையில் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆட்டோவில் மடியில் வைத்துப் பூக்கடைத் தெருவைச் சுற்றி வாருங்கள். ஹெல்மெட் போட்டவர், தாடிக்காரர், குடை, பிரஷர் ஹார்ன், கோயில் மேளம் – இவையெல்லாம்தான் அந்த வயதுக் குட்டிக்குச் சுற்றுலாத் தலம். ஊசி எல்லாம் முறையாகப் போட்ட, சாதுவான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கும் போகலாம். தெருவோர மண், பார்க் புல், நோயாளி நாய்கள் வந்துபோகும் ஆஸ்பத்திரித் தரை, மூன்றும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலும் மடியிலேயே வைத்திருங்கள்.

அவரே மறுபடியும்: கடைசி ஊசி போட்ட அன்னிக்கே பீச் போலாமா?

இரண்டு வாரம் பொறுங்கள். ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது, உடம்புக்கு நாள் வேண்டும்.

பெசன்ட் நகரிலிருந்து: அஞ்சு மாச பீகிள். ஊசி முடிஞ்சது. எலியட்ஸ் பீச் நடக்கிற தூரம்தான். என்னென்ன பாக்கணும்?

காலை ஆறரைக்குள் போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மாலை என்றால் மணலில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். சுண்டல் பொட்டலம், பஜ்ஜிக் காகிதம், சோளக் கட்டை என்று பீகிள் மூக்குக்கு அது தேர்த் திருவிழா. சோளக் கட்டையை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

முக்கியமாக, கரை ஒதுங்கிய மீன். உப்பிக் கிடக்கும் பேத்தை மீனை மீனவர்கள் வலையிலிருந்து எடுத்துக் கரையில் எறிந்திருப்பார்கள். அதன் நஞ்சு தசையைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தும், மாற்று மருந்து கிடையாது. வாயில் வைத்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், நேரே டாக்டரிடம் ஓடுங்கள். சொறி மீனிடமும் (ஜெல்லி மீன்) கவனம், செத்துக் கிடந்தாலும் கொட்டும். வலைத் துண்டில் தூண்டில் முள் மாட்டியிருக்கும். ஆகவே லீஷ் கையை விட்டுப் போகக்கூடாது, ஆள் இல்லாத விடிகாலையானாலும் சரி.

குடிக்க வீட்டுத் தண்ணீர் கொண்டு போங்கள். தாகத்தில் கடல் தண்ணீரை நக்கினால் அன்றிரவு வயிற்றுப்போக்கு நிச்சயம். நிறையக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வந்ததும் கால் இடுக்கு, வயிறு, காது மடிப்பு எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

இன்னொன்று: ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். நீலாங்கரைப் பக்கமிருந்து தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துவது உங்களுக்கே தெரிந்திருக்கும். பீகிள் தோண்டப் பிறந்த நாய். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு மணலுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: மேடம், வார இறுதிக்கு மாமல்லபுரம் போறோம். நாயோட கடற்கரைக் கோயிலுக்குள்ள விடுவாங்களா?

விடமாட்டார்கள். தொல்லியல் துறை காக்கும் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், செஞ்சிக் கோட்டை, எல்லாவற்றுக்கும் இதுதான். காவலாளியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசைச் சாலையில் நின்றே பார்க்கலாம். உங்கள் குட்டிக்குப் பல்லவர் சிற்பத்தைவிடச் சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தம்தான் பெரிய அனுபவம். தூரத்திலிருந்து கேட்கவிட்டு, பயமில்லை என்றால் கிட்டே போங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: ஊட்டிக்குக் கார்ல கூட்டிட்டுப் போறோம், ஆறு மாச ரிட்ரீவர். பொட்டானிக்கல் கார்டன்ல நாய் விடுவாங்களா? முதுமலையும் போகலாமா?

பூங்காவை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதுமலை புலிகள் காப்பகம், அதனால் நாயோடு சஃபாரி கிடையாது. நியாயமான தடைதான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததில் அந்தக் கிருமிக்கும் பங்கு இருந்தது. தெப்பக்காடு வழியாகப் போனால் மூத்திரம் விடக்கூட நடுவில் நிறுத்தி இறக்காதீர்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும் சிறுத்தை ஊருக்குள் வருகிறது. வருவதே பெரும்பாலும் நாய்க்காகத்தான். இருட்டினால் குட்டி அறைக்குள் இருக்க வேண்டும். தோட்டத்தில் கட்டிப்போடுவது, வராந்தாவில் படுக்கவைப்பது கூடாது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை நின்றால் வந்த வழியே திரும்புங்கள். குரைக்கும் நாய் அதைக் கிளப்பிவிட்டு உங்கள் காலுக்கிடையில் ஒளிந்துகொள்ளும்.

தங்குமிடத்தில் “நாய் அனுமதி உண்டா” என்று மட்டும் கேட்காதீர்கள். அறைக்குள் அனுமதியா, வெளியே கூண்டா? சாப்பிடப் போகும்போது அறையில் தனியே விடலாமா? வேறு நாய்கள் இருக்கின்றனவா? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியோடு மலையேற வாங்கும் இ-பாஸ் அனுமதியை மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டும்.

சேலத்திலிருந்து: ஏற்காடு போற வழியில மூணாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறான். மாத்திரை இருக்கா?

டாக்டரிடம் இருக்கிறது. மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். உள்காதின் சமநிலை முழுதாக வளராததால் வருவது இது, ஒரு வயதுக்குள் பலவும் தாண்டிவிடும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். முதலில் நிற்கும் காரில் உட்காரவைத்துத் தின்பண்டம் கொடுங்கள், அப்புறம் தெரு முனைவரை, அப்புறம் மலை. கார் ஏறினாலே ஊசி என்று பழகிய குட்டிக்குப் பயத்திலும் வாந்தி வரும்.

எழும்பூரிலிருந்து: மதுரைக்கு ரயில்ல கூட்டிட்டுப் போக வழி உண்டா?

உண்டு, ஆனால் பர்ஸ் கனமாக இருக்க வேண்டும். ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபேயோ நான்கு படுக்கை கேபினோ முழுவதும் உங்களுடையதாக இருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் அந்த வகுப்பு இருக்கிறது. சார்ட் போடும்போதுதான் கூபே கிடைத்ததா என்று தெரியும் என்பதால், முன்கூட்டியே ரயில்வேயிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். கிளம்பும் நாளன்று நேரத்தோடு பார்சல் அலுவலகம் போய், ஊசிப் புத்தகத்தையும் டாக்டர் தந்த தகுதிச் சான்றையும் காட்டி நாய்க்குத் தனியாக ரசீது போட வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் உட்கார்ந்து போகும் பெட்டிகளிலும் இடமில்லை. கார்டு பெட்டியில் நாய்க் கூண்டு உண்டு. குட்டியை அதில் அனுப்ப என் மனசு ஒப்பாது. இரவு முழுக்கச் சத்தமும் சூடும், பார்க்க ஆளில்லை.

கோவில்பட்டியிலிருந்து: சிப்பிப்பாறைக் குட்டி, அஞ்சு மாசம். ஊருக்கு வெளியே பொட்டல்ல அவுத்து விடலாமா?

ஆடு மேய்கிற இடத்தில் அவிழ்த்துவிட்டால் அன்றைக்கே பஞ்சாயத்து. பார்வையால் வேட்டையாடும் இனம் இது. ஓட ஆரம்பித்தபின் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. சுவர் வைத்த மைதானம் கிடைத்தால் விடுங்கள், இல்லையென்றால் முப்பதடி நீளக் கயிறு. தலை ஒல்லி என்பதால் சாதாரணக் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு போய்விடும், நெஞ்சைச் சுற்றி மாட்டும் அளவான ஹார்னஸ் போடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் வருவதை இப்போதே கறித்துண்டு கொடுத்துப் பழக்குங்கள். வந்ததும் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் நாலாம் நாள் வராது. நடுவில் பலமுறை கூப்பிட்டு, கறி கொடுத்து, மறுபடி ஓடவிடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: நாய்களை அனுமதிக்கிற கஃபேக்குப் போனோம். எல்லாரும் தூக்கிக் கொஞ்சினாங்க, இவ டேபிள் அடியிலயே ஒளிஞ்சா. கூச்ச சுபாவமா?

கூச்சமில்லை, தாங்கவில்லை. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, பிடித்த தின்பண்டத்தையே தொடாமலிருப்பது எல்லாம் “போதும்” என்பதற்கான அடையாளம். அதற்குப் பிறகும் தூக்கினால் அடுத்தது உறுமல்தான். கூட்டமில்லாத மதியத்தில், மூலை மேசையில், இருபது நிமிடம். விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய்ப் போடுங்கள், அது அவளுடைய இடம். தொட வருபவரிடம் “அவளே வந்தா தொடுங்க” என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இந்த விஷயத்தில் நம்மவர்களுக்குத்தான் கூச்சம் அதிகம். நாய் அனுமதி உள்ள இடம் எல்லாமே நாய்க்கு ஏற்ற இடமாகிவிடாது. ஸ்பீக்கரும் வழுக்கும் டைல்ஸும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலூரிலிருந்து: பக் குட்டி. மே மாசம் பகல்ல ஏலகிரி?

வேண்டாம். சப்பை மூக்கு நாய் மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்க முடியாமல் திணறும், வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததா. நாய்க்குச் சாதாரண வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால், அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக் காற்றுப் படவைத்து, பிறகு வண்டியில் ஏற்றுங்கள். “அஞ்சே நிமிஷம்” என்று பூட்டிய காரில் விடுவது கொலைக்குச் சமம். வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால் அரை மணிக்குள் உள்ளே 50-ஐத் தொட்டுவிடும்.

திருச்சியிலிருந்து: ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன், சமத்தா வர்றான்.

ஒரு பூனை குறுக்கே ஓடும்வரை சமத்துத்தான். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பையில் வைத்துப் பிடிக்கட்டும், இல்லையென்றால் ஆட்டோ.

குரோம்பேட்டையிலிருந்து: வாசலைத் தாண்டினா தெரு நாய்ங்க சூழ்ந்துக்குது. எப்படி வெளியே போறது?

ஓடாதீர்கள், கத்தாதீர்கள், குட்டியைத் தலைக்குமேல் தூக்காதீர்கள். அது அவற்றைக் குதிக்கத் தூண்டும். குட்டியை உங்களுக்குப் பின்னால் வைத்து, ஒரு குடையை முன்னால் விரியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் உண்டு, அதன் எல்லை தெரிந்தால் சுற்றுவழி தானே கிடைக்கும். குட்டியைக் கடித்துவிட்டால் காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், வெறிநாய்க்கடி ஊசி முன்பே போட்டிருந்தாலும்.

தஞ்சாவூரிலிருந்து: எங்கயும் போக முடியலை அக்கா, அம்மாச்சி ஊர் வயக்காட்டுக்குத்தான். அங்க குட்டிக்கு என்ன இருக்கு?

மேலே கேட்ட எல்லாரையும்விட உங்கள் குட்டிதான் கொடுத்துவைத்தது. மாட்டுத்தொழுவம், பம்புசெட், கோழி, வைக்கோல்போர் – மோப்பம் பிடிக்கவே ஒரு நாள் போதாது. நாய்க்கு மோப்பம்தான் பொழுதுபோக்கு, நடையின் தூரம் அல்ல.

போனவுடன் அம்மாச்சியிடம் மூன்று கேளுங்கள்: எலி மருந்து எங்கே வைத்திருக்கிறது, எந்த வயலில் மருந்து அடித்திருக்கிறது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா. தேங்கிய தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள்; எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது மனிதருக்கும் வரும். கன்று ஈன்ற பசுவின் பக்கம் வேண்டாம். வரப்பில் நீங்கள் முன்னால், குட்டி பின்னால்.

சாயங்காலம் திண்ணையில் போட்டு உண்ணி பாருங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில். எண்ணெயும் நெருப்பும் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஊரிலிருந்து வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை, ஈறு வெளுப்பு எது தெரிந்தாலும் டாக்டரிடம் “வயக்காட்டுக்குப் போயிருந்தோம், உண்ணி எடுத்தோம்” என்று முதலில் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை அவர் அன்றே எழுதிவிடுவார்.