ஜோனிஸ் நோய்க்கு தடுப்பூசி ஏன் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கு? கேள்வி பதில்

ஆடு மாட்டுக்கு குடல்ல வர்ற பாக்டீரியா நோயான ஜோனிஸ் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்தத சேர்த்து பதில் போடுறேன்.

சார், இது வெறும் கழிச்சல் தானே? தடுப்பூசி வரைக்கும் போகணுமா?

கழிச்சல் கடைசி கட்டம்ங்க. கன்னுக்குட்டியா இருக்கப்பவே சாணி ஒட்டின மடியில வாய் வச்சோ சீம்பால் வழியாவோ கிருமி உள்ள போயிடும், அப்புறம் 2 வருஷம், சிலதுக்கு 5 வருஷம்கூட மாடு ஜம்முன்னு இருக்கும். திடீர்னு தண்ணியா கழியும், காய்ச்சல் இருக்காது, தீனியும் தின்னும், ஆனா எலும்பும் தோலுமா ஆகி தாடைக்குக் கீழ நீர் கோத்துக்கும். செத்த மாட்ட அறுத்துப் பார்த்தா சிறுகுடலோட கடைசிப் பகுதி தடிச்சு மடிப்பு மடிப்பா கிடக்கும், ரெண்டு கையால இழுத்தாலும் அந்த மடிப்பு விரியாது. அதைப் பார்த்தவங்க மருந்து குடுத்து சரி பண்ணலாம்னு பேச மாட்டாங்க.

மத்த நோய்க்கெல்லாம் ஊசி வந்துருச்சே, இதுல அப்படி என்ன சிக்கல்?

கிருமிய முழுங்கி ஜீரணிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளயே இது குடியிருக்கு. திருடன் போலீஸ் ஸ்டேஷன்லயே ரூம் எடுத்து தங்கின கதை. ரத்தத்துல ஆன்டிபாடி எவ்ளோ இருந்தாலும் செல்லுக்குள்ள இருக்கிறத அது தொட முடியாது, டி செல்லுங்கற இன்னொரு வகை எதிர்ப்பு செல் எழும்பி காமா இன்டர்ஃபெரான்ங்கற புரதத்த சுரந்து அந்த மேக்ரோஃபேஜ உசுப்பணும். இதுல ஆன்டிபாடி நல்லா ஏறுறதே பெரும்பாலும் நோய் முத்துற நேரத்துல தான். அதனால "எங்க ஊசியில ஆன்டிபாடி டைட்டர் (அளவு) சூப்பர்"னு யாராவது காமிச்சா நான் பெருசா அசர மாட்டேன்.

அப்ப இதுவரைக்கும் ஊசியே இல்லையா?

இருக்கு, ரொம்ப பழசு. 1926லயே ஃபிரான்ஸ்ல வல்லே, ரின்ஜார்னு ரெண்டு பேர் உயிருள்ள கிருமிய ஆலிவ் எண்ணெய், பாரஃபின் எண்ணெய், பியூமிஸ் கல்லு பொடியெல்லாம் கலந்து போட்டாங்க. கல்லு பொடி எதுக்குன்னு சிரிக்காதீங்க, போட்ட இடத்துல எரிச்சல் கிளப்பி எதிர்ப்பு செல்லுங்கள கூட்டிட்டு வரத்தான், இன்னைக்கு அட்ஜுவன்ட்னு சொல்றதும் அந்த வேலையத்தான் செய்யுது. ஆஸ்திரேலியாவுல 2002லருந்து செம்மறி ஆட்டுக்கு 316எஃப்ங்கற கிருமி ரகத்த கொன்னு செஞ்ச ஊசி போடுறாங்க. அங்க நடந்த ஆய்வுல சாவு 90% குறைஞ்சுது, புழுக்கையில கிருமி வர்றதும் ஏறக்குறைய ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. ஆனா ஊசி போட்டும் சில ஆடு கிருமிய கொட்டிக்கிட்டே தான் இருந்துச்சு. நோயத் தடுக்குது, தொத்த முழுசா தடுக்கல.

ஊசி போட்டா காசநோய் டெஸ்ட்ல பாசிட்டிவ் வரும்னு சொல்றாங்களே அண்ணா?

வரலாம் தம்பி, மாட்டுக்கு இத பரவலா போடாததுக்கு பெரிய காரணமே இது தான். ரெண்டு கிருமியும் ஒரே மைக்கோபாக்டீரியா வம்சம், தோல்ல போடுற டியூபர்குலின் டெஸ்ட் குழம்பிடும். மாட்டு காசநோய்க்கு பிசிஜி தடுப்பூசி போட்டாலும் இதே தலைவலி தான். அங்க பிசிஜி கிருமியில இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 மாதிரி புரதத்த மட்டும் வச்சு புது ஸ்கின் டெஸ்ட் பண்ணினாங்க, ஊசி போட்டத விட்டுட்டு நோய் இருக்கிறத மட்டும் காட்டும். ஜோனிஸுக்கும் ஊசியும் டெஸ்டும் ஜோடியா வரணும்.

ஜீன் எடிட் பண்ணி உயிருள்ள ஊசி செய்ய முடியாதா?

பண்ணிப் பார்த்திருக்காங்க. ரெல்ஏன்னு ஒரு ஜீன நீக்கின கிருமி மாட்டு உடம்புல நிலைக்க முடியாம போச்சு, அதுக்குள்ள எதிர்ப்புக்குத் தேவையான பாடத்த கத்துக் குடுத்துட்டுப் போகுதுங்கறது கணக்கு. எனக்கு இந்த ரூட்டு மேல தான் நம்பிக்கை.

அப்ப சீக்கிரம் வந்துருமா?

லேப்ல கிருமி கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு வளரவே 2, 3 மாசம், அதுவும் இரும்புச்சத்த இழுத்துக் குடுக்கிற மைக்கோபாக்டின்ங்கற பொருள கலந்து குடுத்தா தான். ஒரு சாம்பிள் கெட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லருந்து. கன்னுக்கு ஊசி போட்டு அது நோயாகுதா இல்லையான்னு பார்க்க வருஷக்கணக்கு ஆகும், அவ்ளோ நாள் மந்தைய யாரு வச்சுப் பராமரிக்கிறது? அதனால நிறைய ஆய்வு 1 வருஷத்துல குடல் திசுவுல கிருமி எண்ணிட்டு முடிச்சுக்குது.

ஊசி போடும்போது கையில குத்திடுச்சு, ஒண்ணும் ஆகாதுல்ல?

எண்ணெய் கலந்த ஊசின்னா சும்மா விடாதீங்க, விரல் வீங்கி ஆறாம மாசக்கணக்குல படுத்தும். இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, மருந்து பாட்டில் லேபிளையும் கையோட எடுத்துட்டுப் போங்க.