ஸ்போக்கின் மௌனமும் கானின் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

இருபது ஆண்டுகளாக ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களையும் படங்களையும் பார்த்து வருகிறேன். எங்கள் ரசிகர் வட்டத்தில் சில மாதங்களாக ஒரே வாக்குவாதம். 1967இல் வந்த ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயத்தின்படி, கான் என்ற மேம்படுத்தப்பட்ட மனிதன் 1992 முதல் 1996 வரை உலகின் கால் பகுதிக்கு மேல் ஆண்டவன். 2023இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ அத்தியாயத்திலோ அவன் 21ஆம் நூற்றாண்டில் சிறுவனாக இருக்கிறான். இது பழைய ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் என்றேன் நான். கற்பனைக் கதையில் ஆண்டுக் கணக்கு பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்கிறார்கள் மற்றவர்கள். கதையின் தொடர்ச்சியைப் பற்றிக் கவலைப்படுவது அவ்வளவு அற்பமான காரியமா? என் தங்கை இப்போதுதான் இந்தத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கப்போகிறாள். முரண்பாடுகளை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அற்பமான காரியம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு பாத்திரத்தின் வாயில் வந்த ஆண்டை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்றால், அந்தக் கதையை அவர் அவ்வளவு நம்பியிருக்கிறார் என்று பொருள். நம்பச் சொன்னவர்கள் கதையை எழுதியவர்கள்தான். ஆகவே அந்த நினைவுக்கு அவர்கள் கடன்பட்டவர்கள். ஆனால் நீங்களும் உங்கள் நண்பர்களும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறீர்கள்: ஆண்டு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் அது பெரிய விஷயமா என்று. நான் கேட்க விரும்புவது வேறு. புதிய கதை ஒரு செய்தியை மாற்றும்போது, பழைய கதையில் வாழ்ந்தவர்கள் எதையாவது இழக்கிறார்களா?

1966இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், கடவுளுக்கு நிகரான ஆற்றல் பெற்றுவிட்ட கேரி மிட்செல் தன் நீண்டகால நண்பனும் விண்கப்பலின் தலைவனுமான கிர்க்குக்குக் குழி தோண்டி, தலைமாட்டில் கல்லும் நாட்டுகிறான். கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கும். பிறகு அந்த ‘ஆர்’ ‘டி’ ஆயிற்று. அதன் விரிவு ‘டைபீரியஸ்’ என்று 1970களின் அனிமேஷன் தொடர் சொல்ல, 1991இல் வந்த ஆறாவது திரைப்படம் அதை உறுதிசெய்தது. உயிரோடு இருக்கும் நண்பனுக்கு ஒருவன் கல்லறை அமைக்கும் அந்தக் காட்சியின் கொடுமை, ஓர் எழுத்து மாறியதால் குறையவில்லை.

1982இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் இதைவிடப் பெரிய பிழை இருக்கிறது. கிர்க்கின் பழைய குழுவைச் சேர்ந்த செக்கோவைப் பார்த்ததும், முகங்களைத் தான் மறப்பதில்லை என்கிறான் கான். செக்கோவோ முதல் தொடரின் இரண்டாம் பருவத்தில்தான் வந்து சேர்ந்தான். கானின் கதை முதல் பருவத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அந்தக் காட்சிக்கு என்ன தேவை என்று பாருங்கள். ஆளில்லாத இருண்ட குடிலில், பழைய பொருட்களுக்கு நடுவே ‘பாட்டனி பே’ என்ற, கானின் பழைய கப்பலின் பெயர் செக்கோவின் கண்ணில் படுகிறது. கான் இன்னும் வரவே இல்லை. செக்கோவின் முகம் வெளிறுவதைக் கண்டு நாம் கானை எண்ணி அஞ்சத் தொடங்குகிறோம். அந்த அச்சத்துக்கு, முன்பே கானை அறிந்த ஒருவன் வேண்டும். செக்கோவ் அப்போது கப்பலின் வேறொரு பிரிவில் வேலை பார்த்திருப்பான் என்று ரசிகர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு. வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை) என்ற இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி (காரணம் கருதி ஏற்கப்படும் பிழை) என்ற மூன்றாவதையும் இலக்கணிகள் வைத்தார்கள். ஒருவர் தம் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்கின்றன நன்னூலும் அதன் உரைகளும். அது வழுவே அல்ல என்று அவை சாதிப்பதில்லை. காரணம் கேட்கின்றன, காரணம் தகுதியானதாக இருந்தால் அமைத்துக்கொள்கின்றன. தொடர்ச்சி மாற்றங்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வழுவமைதி, கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் நெற்றி. 1960களின் தொடரில் அவர்களுக்கு வழுவழுப்பான நெற்றி. விரிவான ஒப்பனைக்கு அன்று பணம் இல்லை. 1979 திரைப்படத்தில் எலும்பு புடைத்த நெற்றியோடு வந்தவர்கள், அதன்பின் வந்த தொடர்களிலும் அப்படியே நிலைத்தார்கள். பல ஆண்டுகள் யாரும் விளக்கம் தரவில்லை. 1996இல், முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி எடுத்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ அத்தியாயத்தில், பிற்காலக் குழுவினர் காலம் கடந்து சென்று 1967ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றின் காட்சிகளுக்குள்ளேயே உட்கார்கிறார்கள். அங்கே பழைய கிளிங்கான்கள். இவர்களோடு இருப்பவன் புடைத்த நெற்றிக்காரனான வோர்ஃப். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்க, அவர்கள் கிளிங்கான்கள்தான், அது ஒரு நீண்ட கதை என்கிறான். மரபணு மாற்றமா, வைரஸா என்று நண்பர்கள் துருவித் துருவிக் கேட்க, வெளியாரிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று முடித்துக்கொள்கிறான். ரசிகர்களின் நெடுநாள் கேள்வி அந்த ஒரு வரியால் கதைக்குள் இடம்பெற்றுவிட்டது. கிளிங்கான்களின் தன்மானம் எப்படிப்பட்டது என்பதும் புலப்பட்டது. 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு அத்தியாயங்களில் முழு விளக்கம் தந்தது: மேம்படுத்தப்பட்ட மனிதர்களின் மரபணுவை வைத்துக் கிளிங்கான்கள் செய்த சோதனை கைமீறித் தொற்றாகப் பரவியது. நல்ல கதைதான். ஆனாலும் இன்றுவரை என் மனத்தில் நிற்பது வோர்ஃபின் அந்த வரி.

இனி, எனக்குக் கோபம் வந்த இடத்தைச் சொல்கிறேன். 2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’ தொடர், கிர்க்கின் உற்ற நண்பனும் வல்கன் கிரகத்தவனுமான ஸ்போக்குக்கு மைக்கேல் பர்னம் என்ற வளர்ப்புச் சகோதரியைக் கொடுத்தது. அதற்கு முன் வந்த எந்தக் கதையிலும் அவள் பெயரை அவன் சொன்னதில்லை. அதனால் என்ன என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் ஸ்போக் அப்படிப்பட்டவன். 1967ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் தூதர் சாரெக் தம் மனைவியோடு கப்பலுக்கு வருகிறார். வல்கனைச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே இறங்கி உன் பெற்றோரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஸ்போக்கிடம் சொல்கிறான் கிர்க். தூதரும் அவர் மனைவியும்தான் தன் பெற்றோர் என்று அப்போதுதான் ஸ்போக் வாய்திறக்கிறான். சைபாக் என்ற அண்ணன் இருப்பதும் 1989 திரைப்படத்தில்தான் தெரியவந்தது. உற்ற நண்பனிடம்கூடக் குடும்பத்தைப் பற்றிப் பேசாத ஒருவன் ஒரு சகோதரியைப் பற்றியும் பேசாமல் இருந்தான் என்றால், அந்த மௌனம் அவனுடைய இயல்போடு ஒட்டிப்போகிறது. ஆனால் 2019இல் இரண்டாம் பருவத்தின் முடிவில், டிஸ்கவரி என்ற கப்பலைப் பற்றியும் பர்னமைப் பற்றியும் யாரேனும் பேசினால் அது ராஜத்துரோகம் ஆகும் என்று ஒரு தடையைக் கொண்டுவந்தார்கள். அந்த யோசனையைச் சொல்பவனும் ஸ்போக்தான் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், அதுவரை அவனுக்கே உரியதாக இருந்த மௌனம் அதோடு ஓர் ஆணைக்குக் கீழ்ப்படிதல் ஆகிவிட்டது. இப்போது எந்தத் தேதியும் எந்தப் பெயரும் இடிக்கவில்லை. ஆனால் ஸ்போக்கிடமிருந்து ஒன்று பறிபோயிற்று. உங்கள் நண்பர்கள் தேடும் பிழை இங்கே இல்லை, அதனாலேயே இந்த இழப்பு அவர்கள் கண்ணில் படாமல் போகலாம்.

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2020இல் டாக்டரின் பிறப்பையே மாற்றி, எங்கிருந்தோ வந்து சேர்ந்த விசேஷக் குழந்தை ஆக்கினார்கள். தம் இனத்தாருள் ஒருவராகப் பிறந்து, அவர்களுடைய அலட்சியத்தைப் பொறுக்காமல் ஓடிவந்தவர் என்பதில் இருந்த மேன்மை அதனால் குன்றியது. அந்த ரசிகர்களின் மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கானின் ஆண்டை மாற்றியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். 1967இல் பார்த்தவர்களுக்கு 1992 என்பது இருபத்தைந்து ஆண்டுத் தொலைவில் இருந்த எதிர்காலம். கான் போன்றவர்களால் மூளும் உலகப்போரை உங்கள் பிள்ளைகள் காண்பார்கள் என்பதே அந்த எண் சொன்ன செய்தி. இன்று பார்க்கிறவருக்கு அது நடக்காமலே போன பழைய காலம். எண்ணைக் காப்பாற்றினால் எச்சரிக்கை போய்விடும். தவிர, ‘வாயேஜர்’ தொடரின் குழுவினர் காலம் கடந்து 1996ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸுக்கே சென்று இறங்கியபோது அங்கே உலகப்போரின் சுவடு எதுவும் இல்லை. அதாவது முரண் புதிதல்ல. முதல் கதையில் கான் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் விளைவு. 1982 திரைப்படத்தில் மரபணுப் பொறியியலின் படைப்பு. அந்த மாற்றத்துக்காக நாம் யாரும் வருந்தவில்லை. அந்தக் காலத்து ஆவணங்கள் அரைகுறையானவை என்று முதல் கதையிலேயே ஸ்போக் சொல்லியிருப்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம்விட, இந்த மாற்றம் கதைக்குள் என்ன செய்கிறது என்பதே என்னைச் சம்மதிக்க வைத்தது. இவையெல்லாம் 1992இலேயே நடந்திருக்க வேண்டியவை என்று புலம்புகிறாள், சிறுவன் கானைக் கொல்ல வந்து பல்லாண்டுகள் காத்துக் கிடந்த, ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்து உளவாளி. காலத்தில் பலரும் கைவைத்ததால் ஆண்டு தள்ளிப்போனாலும், நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்று அவளே கண்டுகொண்டிருக்கிறாள். எதிர்காலத்திலிருந்து வந்தவளும் கானின் வம்சத்தவளுமாகி, அவன் பெயரைச் சுமந்து, அதற்காகச் சிறுவயது முதல் இகழப்பட்ட லா’ஆன் கடைசியில் அந்தச் சிறுவனின் எதிரே நிற்கிறாள். அவன் பின்னாளில் செய்யப்போகும் கொலைகள் அவளுக்குத் தெரியும். அவன் இல்லாவிட்டால் தான் வாழும் எதிர்காலம் அமையாது என்பதும் தெரியும். அவனை ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறாள். நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. 1967இன் கானிடமிருந்து இந்தக் காட்சி எதையும் பறிக்கவில்லை.

உங்கள் தங்கையிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முதலில் ‘ஸ்பேஸ் சீட்’டைப் பார்க்கட்டும், 1992 என்ற எண் அவள் காதில் விழட்டும். அடுத்து 1982 திரைப்படம். லா’ஆனின் கதைக்கு அவள் வந்து சேரும்போது, ஆண்டு இடிக்கிறதே என்று அவளாகவே உங்களிடம் வந்து கேட்பாள். அப்போது பதில் சொல்வதற்கு முன், அந்த அறையில் லா’ஆன் செய்தது சரியா என்று நீங்கள் அவளைக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.