வீட்டிலேயே மாதிரி எடுத்துச் செய்யும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எதைத் தேடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பழைய பாப் ஸ்மியர் முறையில் கருப்பைவாயின் செல்களையே எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்ததால், மருத்துவரோ செவிலியரோ கருவி வைத்து அந்த இடத்தை நேரில் பார்த்தாக வேண்டியிருந்தது. இப்போதைய சோதனை தேடுவதோ, ஏறக்குறைய எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கும் காரணமான ஹெச்பிவி வைரஸின் மரபுப்பொருளை. அது யோனியிலும் காணப்படும் என்பதால், மென்மையான பஞ்சுக்குச்சியைச் சில சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, 20 முதல் 30 விநாடிகள் சுழற்றி எடுத்தாலே போதும். மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ இணையான துல்லியம் கிடைக்கிறது.

2017 டிசம்பரில் பாப் ஸ்மியரைக் கைவிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் ஹெச்பிவி சோதனைக்கு மாறிய ஆஸ்திரேலியா, 2022 ஜூலையில் தகுதியுள்ள அனைவருக்கும் தாமே மாதிரி எடுத்துக்கொள்ளும் தெரிவைத் திறந்துவிட்டது. கூச்சத்தாலோ பழைய கசப்பான அனுபவத்தாலோ பரிசோதனையையே தவிர்த்துவந்த பெண்களுக்கு இதுவே பெரிய பயன் என்பது என் கருத்து.

வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலான தொற்றுகளை உடலே நீக்கிவிடும். ஆஸ்திரேலியாவில் ஹெச்பிவியின் 16, 18 ஆகிய வகைகள் தெரிந்தால் நேரடியாகக் கால்போஸ்கோபிக்கு, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புகிறார்கள். மற்ற ஆபத்தான வகைகளென்றால், வீட்டு மாதிரியைக் கொண்டு செல்களை ஆராய முடியாததால், மருத்துவரிடம் மீண்டும் மாதிரி கொடுக்க வேண்டியிருக்கும். உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ ரத்தப்போக்கு இருப்பவர்கள் பஞ்சுக்குச்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.