பெட்டி நிறைய ஈ, கூடை காலி

கேள்வி: ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி ஈக்களில் நாற்பது வகை நிம்ஃப் (இளம்பூச்சி வடிவம்), பதினைந்து வகை ஸ்ட்ரீமர் (குட்டி மீன் வடிவம்) கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றையும் மீன் சீண்டவில்லை. அடுத்து எந்த வகை கட்டலாம்?

பதில்: எதையும் கட்ட வேண்டாம். ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் இளம்பூச்சியை விரல் நகத்தில் வைத்தால், பெரும்பாலும் நகத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் நீங்கள் கட்டியதை வையுங்கள். யானையாகத் தெரியும்.

இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் நூலே கிடையாது. மெல்லிய செம்புக் கம்பி, ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் சில இழைகள், அவ்வளவுதான். கம்பியே நூல், கம்பியே எடை. கால்கூட வைக்கவில்லை. நீந்தும்போது பூச்சி காலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் பார்த்திருந்தார். நீங்கள் ஆறு காலும் இரண்டு கண்ணும் வைத்து ஜோடித்திருப்பீர்கள். அது பார்க்க வரும் நண்பரைப் பிடிக்கும்.

சரி, நிம்ஃப் அடி வரைக்கும் போகிறதா? முள்ளில் எப்போதாவது பாசியோ கல்லோ சிக்காவிட்டால் போகவில்லை என்று அர்த்தம். ஒரே நிம்ஃபை மூன்று எடையில் கட்டுங்கள்: முள்ளில் கோக்கும் மணி இல்லாமல், பித்தளை மணியோடு, டங்ஸ்டன் மணியோடு. டங்ஸ்டன் பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். தலையை ஒட்டி எடைக்கொரு நிறத்தில் நூல் சுற்றிவிட்டால் பெட்டியில் குழப்பம் வராது. 14, 16 எண் முள் போதும். (எண் கூடினால் முள் சின்னது. உங்கள் யானைக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.) அப்புறம், இழுக்காதீர்கள். ஓட்டத்தோடு விடுங்கள்.

இழுக்க வேண்டியது ஸ்ட்ரீமரைத்தான். அது குட்டி மீன் வேடம். மழைக்குப் பின் கலங்கிய நீர், வெளிச்சம் மங்கும் நேரம் இரண்டும் அதற்குத் தோது. இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். நிறுத்தும் அந்த நொடியில் கடி விழுவது வழக்கம். பதினைந்து வகை எதற்கு? கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும் வூலி பக்கர் என்ற ஸ்ட்ரீமர் போதும். அதன் மராபூ (புசுபுசு இறகு) வால் முள்ளின் தண்டு நீளம் இருக்கட்டும். கட்டியதும் டம்ளர் தண்ணீரில் முக்கி எடுங்கள். புசுபுசுவென்று இருந்தது எலிவாலாகச் சுருங்கினால் இன்னும் கொஞ்சம் இறகு வேண்டும்.

மீதி ஐம்பதை என்ன செய்வது என்று கேட்டு எழுதாதீர்கள். பிளேடால் அறுத்து முள்ளை மீட்டுக்கொள்ளுங்கள்.