பதில்: அக்கரைப்பற்று அரிசி ஆலைக்குப் பின்னால் நிற்கும் லேண்ட் ரோவர்

சகோதரம், ஆலைக்குப் பின்னால் நிற்கும் லேண்ட் ரோவரின் வெளித்தகட்டில் துருவே இல்லை, 1960ஆம் ஆண்டு வண்டி என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெளித்தகட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிதான் இரும்பு. நம் கடற்கரை உப்புக்காற்று அதை உள்ளிருந்தே தின்றுவிடும்.

கீழே படுத்து, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். சத்தம் மந்தமாகும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். மட்டக்களப்பில் நான் பார்த்த ஒன்றில் அது பிடிவரை உள்ளே போய், துருத்தூள் கை நிறையக் கொட்டியது. மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்! சாரதி கால் வைக்கும் பள்ளத்தையும் தட்டிப் பாருங்கள், அதுவும் இரும்புதான்.

முன்விளக்குகள் கிரில்லுக்குள் (முன்பக்க வலைக்குள்) இல்லாமல் மட்கார்டில் இருந்தால் 1960 என்பதை நம்பாதீர்கள். அந்த மாற்றம் 1960களின் கடைசியில்தான் வந்தது. மட்கார்டைப் பிறகு மாற்றியும் இருக்கலாம், அதனால் சேஸி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய கைநூல், ஜாக்கி எல்லாம் ஆலையில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். கியர் விளக்கத் தகட்டைக் கழற்ற விடாதீர்கள், வண்டியோடே இருக்கட்டும்.