"சேர் சொன்னாரு": காசு கொடுப்பவரும் வேலை நடத்துபவரும் முட்டிக்கொண்டால்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வீடு, குடிநீர், பாலர் பாடசாலை என்று பன்னிரண்டு வருடம் திட்ட முகாமையாளராக ஓடினேன், அப்புறம் ஐந்து வருடமாக அனுசரணையாளர், அதாவது காசுக்குப் பொறுப்பானவர், பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் பழக்கம். கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு குடிநீர்த் திட்டம். ஓகஸ்ட் கடைசியில் முடியவேண்டியதை ஜூன் கடைசியில் திறக்கவேண்டும் என்று அனுசரணையாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். முடியாது என்றால் "உங்களுக்கு மனமில்லை" என்கிறார்.

பதில்: தம்பி, முதலில் ஏன் ஜூன் என்று கேட்டீங்களா? எனக்கும் இதே மாதிரி ஒருவர் வாய்த்தார், இரண்டு வாரம் சண்டை பிடித்த பிறகுதான் தெரிந்தது, காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர் அந்த வாரம் மட்டும்தான் இலங்கையில் இருப்பாராம். தோட்டத்தின் மேல் பிரிவுக்கு (டிவிஷன்) மட்டும் தண்ணீர் திறந்து காட்டினோம், பிரச்சினை முடிந்தது. காரணம் தெரிந்ததும் ஒரே ஒரு தாளில் மூன்று வழி எழுதுங்க: ஜூனில் பாதி; ஜூனில் முழுவதும், ஆனால் கூடுதலாக இரண்டு குழு ஆட்கள், இவ்வளவு ரூபா; ஓகஸ்டில் முழுவதும். உங்க விருப்பம் எது என்றும் சொல்லுங்க. தென்மேல் பருவமழை மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது, வெட்டின பள்ளத்தை மறுநாளே மண் சரிந்து மூடும், அந்தச் செலவையும் அதில் போடுங்க. எதைத் தெரிவு செய்வது என்பது அவர் உரிமை, காசு அவருடையது. என்ன விலை விழும் என்று முன்கூட்டியே சொல்வது உங்க கடமை. தண்ணீர்த் தாங்கியின் கொங்கிரீட்டில் மட்டும் பேரம் பேசாதீங்க. அது முழு பலத்துக்கு வர 28 நாள் கணக்கு, திறப்பு விழாவுக்காக அது அவசரப்படாது.

கேள்வி: நான் சைட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து மேசன் பாஸிடம் (கொத்தனாரிடம்) நேரடியாக வேலை சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அநேகமாக எல்லோரும் கேட்டிருப்பது இதுதான். ஒரு சாவுக்காக இரண்டு நாள் கண்டி போய்த் திரும்பினேன், சமையலறைக் கதவு எதிர்ப்பக்கம் போயிருந்தது. கதவைத் திறந்தால் கால் வடிகானுக்குள். ஏன் என்று கேட்டால் "சேர் சொன்னாரு". மேசன் பாஸ் மேல் பாய்ந்து பிரயோசனமில்லை. தோட்டத் துரை சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்த ஊரில், ஜீப்பிலிருந்து இறங்கி வருபவரிடம் அவர் எப்படி மறுத்துப் பேசுவார்? நான் அனுசரணையாளரிடம் தனியாகப் போனேன். ஆட்கள் முன்னால் கேட்டிருந்தால் மானப் பிரச்சினையாகியிருக்கும். "சேர், யோசனை இருந்தா எனக்குச் சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன், இல்லாட்டி பில் வரும்போது யாரு கணக்குன்னு தெரியாமப் போயிரும்" என்றேன். பில் என்றதும் காது திறந்தது. பிறகு சைட்டில் ஒரு சாதாரண கொப்பி வைத்தோம்: மாற்றம் சொல்பவர் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும், கையெழுத்து இல்லாமல் பாஸ் கரண்டியைத் தொடக்கூடாது. முதல் மாதத்திலேயே பாதி யோசனைகள் காணாமல் போயின!

கேள்வி: எல்லாம் வட்ஸ்அப் குரல் பதிவில் வருகிறது. பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்கிறார்.

பதில்: அன்று மாலையே எழுத்தில் திருப்பி அனுப்புங்க. "நீங்கள் சொன்னது இது, இதனால் 9 நாளும் இவ்வளவு ரூபாவும் கூடும், சரி என்று பதில் வரும்வரை பழைய வரைபடப்படியே வேலை நடக்கும்." கடைசி வரியை விட்டுவிடாதீங்க.

கேள்வி: பதுளையில் வீட்டிலிருந்தபடி கொழும்பு மென்பொருள் கம்பனிக்கு வேலை செய்கிறேன். திட்டம் பிந்திவிட்டது, ஆனால் அறிக்கையில் சிவப்புக்குப் பதிலாக, எல்லாம் சரி என்று பச்சை போடச் சொல்கிறார் அனுசரணையாளர்.

பதில்: தங்கச்சி, இதற்கு வத்தகப்பழ அறிக்கை என்று பெயர், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. பொய் எழுதாதீங்க, அதற்காகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கவும் வேண்டாம். முதல்நாளே அவருக்குச் சொல்லுங்க: "சிவப்புத்தான் போடப்போறேன் சேர், பக்கத்திலேயே மீள்வதற்கான திட்டத்தையும் வைக்கிறேன், நீங்களே அதை விளக்குங்க." மேலிடத்தில் வெறுங்கையோடு நிற்கத்தான் அவருக்குப் பயம்.

கேள்வி: விலை ஏறினால் யார் தலையில்?

பதில்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360. எங்கள் ஒப்பந்தம் ரூபாவில். மூன்று மாதம் கடிதப் போர் நடந்தது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் முதல் நாளே கோடு போட்டுவிடுகிறேன், உதாரணமாக நூற்றுக்குப் பத்து வரை முகாமையாளர் சமாளிப்பார், தாண்டப்போகிறது என்று தெரிந்த உடனே, தாண்டிய பிறகல்ல, அனுசரணையாளரிடம் வரவேண்டும். பிரின்ஸ்2 என்ற திட்ட முகாமைத்துவ முறையைப் படித்தவர்கள் இதை டொலரன்ஸ் என்பார்கள்.

கேள்வி: நான் கனடாவில். மஸ்கெலியாவில் அம்மா பெயரில் பாலர் பாடசாலை கட்டுகிறேன். முகாமையாளர் பிரச்சினைகளை மறைக்கிறார், தெரியவரும்போது கைமீறிப் போயிருக்கிறது.

பதில்: அண்ணே, கோபிக்காதீங்க. கடைசியாக அவர் ஒரு கெட்ட செய்தி சொன்னபோது நீங்க என்ன சொன்னீங்க? "இதைப் பார்க்கத்தானே உமக்குச் சம்பளம்" என்ற மாதிரி ஏதாவது? நானும் இந்த நாற்காலிக்கு வந்த முதல் வருடம் அப்படித்தான் கத்தினேன், அதன்பின் எனக்கு நல்ல செய்தி மட்டும்தான் வந்தது. ஊரில் இல்லாத ஆளுக்கு அதைவிட ஆபத்து இல்லை. வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரே கேள்வி: "இந்தக் கிழமை உங்களுக்குப் பயமா இருப்பது எது?" சொன்னதும் முதல் வார்த்தையாக நன்றி சொல்லுங்க, கணக்கை அப்புறம் கேளுங்க. இன்னொன்று, ஊரிலிருக்கும் மச்சானைக் கொண்டு வேவு பார்ப்பதை நிறுத்துங்க. முகாமையாளருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும்.

கேள்வி: மண்சரிவு அபாயம், கட்டக்கூடாது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன சரிவில்தான் வீடுகளைக் கட்டவேண்டும் என்று அனுசரணையாளர் சொல்கிறார், வேறு காணி கிடைக்காதாம். நடுவழி இருக்கிறதா?

பதில்: இல்லை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதினேன், இதில் முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணோடு போனதை நாம் மறக்கவில்லை, அங்கே முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மறுப்பை எழுத்தில் கொடுங்க, நிறுவனத்தின் அறிக்கையை இணையுங்க, அவருக்கு மேலே இருக்கும் சபைக்குப் பிரதி அனுப்பப்போவதை அவரிடமே முதலில் சொல்லிவிட்டு அனுப்புங்க. அந்த வரைபடத்தில் கையெழுத்து மட்டும் போடாதீங்க. வேலை போகுமா என்றால், போகலாம். எனக்கு ஒருமுறை போனது, அடுத்தது கிடைக்க நாலு மாதம் எடுத்தது.