காய்ச்சல் சூட்டில் கிருமி சாகாதா?

கேள்வி: என் பையனுக்குச் சிறுநீர்த் தொற்று. ஈ. கோலை என்று ரிப்போர்ட். காய்ச்சல் 104 வரை ஏறியது. அந்தச் சூட்டிலேயே கிருமி செத்திருக்க வேண்டாமா? மாத்திரை எதற்கு?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சாகாதம்மா. 104 என்றால் 40 டிகிரி செல்சியஸ், ஈ. கோலை அதில் நன்றாகவே வளரும். ஆய்வகத்தில் அதற்குள் புது டி.என்.ஏ.வை ஏற்ற, ஐஸிலிருந்து எடுத்து 42 டிகிரி வெந்நீரில் ஒன்றரை நிமிஷம் வைத்து, திரும்ப ஐஸில் செருகுவேன். மறுநாள் வளர்ப்புத் தட்டில் கிருமிகள் வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருக்கும். ஒருமுறை யாரோ வெந்நீர்த் தொட்டியை 60இல் வைத்துவிட்டுப் போக, பார்க்காமல் போட்டேன். தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. இத்தாலியில் ரிட்டோசா என்ற விஞ்ஞானிக்கும் இப்படித்தான் யாரோ இன்குபேட்டர் சூட்டைக் கூட்டி வைத்தார்கள். பழ ஈயின் குரோமோசோமில் புதிய வீக்கங்களைக் கண்டார்; சூட்டில் சில மரபணுக்கள் முடுக்கப்பட்டதன் அடையாளம் அவை. 1962இல் கட்டுரை வந்தது. எனக்குக் கிடைத்தது காலித் தட்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சூடு கெடுப்பது கிருமியின் புரதங்களை. புரதம் என்பது மடித்துச் சுருட்டிய நூல். எண்ணெய்ப்பசையான பகுதிகள் உள்ளே மறைந்திருக்கும். சூடு பட்டால் மடிப்பு நெகிழ்ந்து அவை வெளியே வரும். பக்கத்துப் புரதத்தோடு ஒட்டும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு கட்டியாவது அப்படித்தான். இதைத் தடுப்பவைதான் சாப்பரோன் புரதங்கள். வயசுப் பெண்ணோடு துணைக்குப் போகும் அத்தையை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். வேலையும் அதேதான், வேண்டாத ஒட்டுறவு வராமல் பார்ப்பது.

டிஎன்ஏகே என்ற சாப்பரோன் அந்தப் பசைப் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். குரோஈஎல் என்ற இன்னொரு சாப்பரோன் ஒரு பீப்பாய்: ஏழேழு துண்டுகளாலான இரண்டு வளையங்கள், முதுகோடு முதுகு. கலைந்த புரதம் உள்ளே போனதும் மூடி விழும். சுமார் பத்து விநாடி தனிமை. அதற்குள் மடிந்துகொண்டால் சரி, இல்லாவிட்டால் மறுபடி உள்ளே. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவு.

சூடு ஏறியதைச் செல் தெரிந்துகொள்ளும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண நாளில் சிக்மா-32 என்ற புரதத்தை டிஎன்ஏகே பிடித்து அடக்கி வைத்திருக்கும். சூட்டில் கலைந்த புரதங்கள் பெருகியதும் டிஎன்ஏகே அந்தப் பக்கம் ஓடிவிடும். பிடி விட்ட சிக்மா-32 நேரே போய், இன்னும் நிறைய டிஎன்ஏகேயும் குரோஈஎல்லும் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். ஆள் சேர்ந்ததும் சிக்மா மறுபடி பிடிபடும். இப்படித்தான் கிருமி சூட்டைச் சமாளிக்கிறது.

காய்ச்சல் வீண் என்று சொல்லவில்லை, நம் எதிர்ப்புச் செல்கள் அதில் சுறுசுறுப்பாகும். ஆனால் மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.